மேலும் காண்க: பிரிவுகள் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதினேன்: "31 ஆண்டுகள் நூலகத்தில் பிரிப்பதும் அடுக்குவதுமே என் பிழைப்பு." அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களால் மேசை நிறைந்துவிட்டது. எனவே மற்றக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு இம்முறை பிரிவைப் பற்றியே பேசுவோம். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். சிலருக்கு மட்டும் போட்டு மற்றவர்களைப் பிரித்துக் காட்டுவானேன் என்று ஒருவர் பெயரையும் போடவில்லை.

கேள்வி: அம்மா, பிரிவு என்ற சொல்லே எனக்கு அமங்கலமாகப் படுகிறது. இயற்கை எல்லாவற்றையும் ஒன்றாகத்தானே படைத்தது? மனிதன்தானே பிரித்தான்?

இயற்கையின் மீது இவ்வளவு நல்ல அபிப்பிராயம் வேண்டாம். நீங்கள் இந்தக் கடிதத்தை எழுதி முடிப்பதற்குள் உங்கள் உடம்பில் எத்தனையோ செல்கள் இரண்டாகப் பிரிந்திருக்கும். நீங்கள் தொடங்கியதே ஒற்றைச் செல்லாகத்தான். அது பிரியாமல் ஒற்றுமையாக இருந்திருந்தால் கடிதமும் இல்லை, எழுத ஆளும் இல்லை. செல்லிலிருந்துதான் செல் பிறக்கும் என்று ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்க்கோ 1855இல் அறுதியிட்டுச் சொன்னார். கணக்கில் பெருக்கலும் வகுத்தலும் எதிரெதிர். உயிரியலில் இரண்டும் ஒரே வேலை. நிறுத்தத் தெரியாமல் பிரிந்துகொண்டே போனால் அது புற்றுநோய். ஆக, பிரிவதில் தவறில்லை, எங்கே நிற்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு பனாமா நிலஇணைப்பு. சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலடியிலிருந்து மெல்ல எழுந்து வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் சேர்த்துவைத்தது. நிலத்தில் நடமாடும் விலங்குகளுக்கு அது பாலம். வடக்கே இருந்தவை தெற்கே போயின, தெற்கே இருந்தவை வடக்கே வந்தன. கடலில் இருந்தவற்றுக்கோ அதுவே சுவர். கொடுக்கைச் சொடுக்கி ஓசை எழுப்பும் ஒருவகை இறால் அங்கே உண்டு. ஒரே இனமாக இருந்தவை பசிபிக் பக்கம் பாதி, கரீபியன் பக்கம் பாதி என்று அகப்பட்டுக்கொண்டன. இரு பக்கத்து இறால்களையும் ஆய்வாளர்கள் பிற்காலத்தில் ஒரே தொட்டியில் விட்டுப் பார்த்தார்கள். பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தும் பெரும்பாலானவை இணை சேராமல் கொடுக்கைச் சொடுக்கிச் சண்டைக்கு நின்றன. இரு நிலங்களைச் சேர்த்த அதே கைதான் இரு கடல்களைப் பிரித்தது. இதில் எது மங்கலம், எது அமங்கலம் என்று நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி: பகுப்பு என்பது நம் வசதிக்காக நாம் போடும் கோடுதானே? பொருளுக்குள் அந்தக் கோடு இருக்கிறதா?

ஒரு கதை சொல்கிறேன். நான் வேலையில் சேர்ந்த புதிது. பனையைப் பற்றிய நூல் ஒன்று வந்தது. "மரங்கள்" என்று தலைப்பிட்டு, வாசகர் நூலைத் தேடும் பட்டியல் அட்டை ஒன்று எழுதிப் பெட்டியில் செருகினேன். மறு வாரம் அந்த அட்டையின் மேல் யாரோ பென்சிலால் "இது புல்" என்று எழுதியிருந்தார்கள். அழித்தேன். மறுபடியும் எழுதியிருந்தது. மூன்றாம் முறை ஆளைக் கையும் களவுமாகப் பிடித்தேன். தினமும் நாளிதழ் படிக்க வரும் முதியவர். "தொல்காப்பியம் மரபியலைப் புரட்டிப் பார், அப்புறம் அழி" என்றார்.

புரட்டினேன். வெளிப்புறத்தில் வயிரம், அதாவது கெட்டியான பகுதி, உடையது புல், உள்ளே வயிரம் உடையது மரம் என்கிறது அந்த நூல். பனைக்கும் தென்னைக்கும் வெளியே வயிரம், உள்ளே சோறு; மூங்கிலுக்கும் வெளியேதான் வயிரம், உள்ளே வெற்றிடம். ஆகவே அவை புல். தாவரவியலைத் திறந்தாலும் பனையும் அறுகும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்ற ஒரே கூட்டத்தில்தான் நிற்கின்றன. ஐரோப்பாவில் ஜான் ரே என்ற தாவர ஆய்வாளர் அந்தப் பெரும்பிரிவைத் தெளிவாக வகுத்தது 17ஆம் நூற்றாண்டின் கடைசியில். அவர் எண்ணியது வித்திலைகளை, நம்மவர் பார்த்தது கோடரி படும் இடத்தை. இருவரும் ஏறத்தாழ ஒரே இடத்தில் கோடு போட்டிருக்கிறார்கள் என்றால் அந்தக் கோட்டில் பாதியாவது பொருளுக்குள்ளேயே இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். பனை ஓலை என்கிறோமே தவிர பனை இலை என்று யாராவது சொல்கிறோமா? நாக்குக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. (வாழைக்கு ஏன் இலை என்று உடனே கடிதம் போடாதீர்கள். எந்தப் பகுப்பிலும் ஒரு வாழை இருக்கும்.)

அட்டையைக் கிழித்துவிட்டு "புல்வகை" என்று எழுதவில்லை. அப்படிச் செய்திருந்தால் பனையைத் தேடி வருகிறவர் யாருக்கும் அந்த நூல் கிடைத்திருக்காது. இரண்டாவதாக ஓர் அட்டை எழுதினேன்: "புல் – மேலும் காண்க: மரம்." பட்டியல் போடும் வேலையில் இந்த "மேலும் காண்க" அட்டைதான் ஆகச் சின்னது, ஆகச் சலிப்பூட்டுவது. இந்தப் பகுதிக்கு அந்தப் பெயரை வைத்தது அதனால்தான்.

கேள்வி: நான் தமிழ் இலக்கிய மாணவி. குறிஞ்சி, முல்லை என்று கவிதையைக் கூறுபோட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். இந்தத் திணைப்பிரிவு இல்லாவிட்டால் கவிதையை இன்னும் நெருக்கமாகப் படிக்க முடியும் அல்லவா?

மனப்பாடம் செய்யச் சொன்னவர்மேல் உள்ள கோபத்தைத் திணையின்மேல் காட்டாதீர்கள்.

அகநானூற்றை எடுங்கள். 400 பாட்டு. எண்ணை மட்டும் பாருங்கள், பாட்டைப் பிறகு படிக்கலாம். 1, 3, 5, 7, 9 என ஒற்றைப்படையில் வருவன எல்லாம் பாலை. 2, 8 என்று முடிந்தால் குறிஞ்சி. 4 என்று முடிந்தால் முல்லை, 6 என்றால் மருதம். 10, 20, 30 என்று போகும் பத்துகள் நெய்தல். 246ஆம் பாட்டு என்று சொன்னாலே மருதம் என்று சொல்லிவிடலாம், நூலைத் திறக்கவே வேண்டாம். தொகுத்தவர் மதுரை உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மர். நூலகத்தில் நாங்கள் நூலின் முதுகில் ஒட்டும் பகுப்பெண் இதுதான். மனிதர் பாட்டெண்ணையே பகுப்பெண்ணாக்கிவிட்டார். எங்கள் தொழிலில் இந்த நூற்றாண்டில் பிறந்திருந்தால் நான் அவரிடம்தான் வேலை கேட்டிருப்பேன்.

இப்போது கூட்டிப் பாருங்கள். குறிஞ்சி 80, முல்லை 40, மருதம் 40, நெய்தல் 40. மிச்சம் 200 பாலைக்கு. நூலில் சரிபாதி. இத்தனைக்கும் பாலைக்கென்று சொந்த நிலம் கிடையாது. காடு, மலை, வயல், கடற்கரை என்று தொல்காப்பியம் நிலம் சொல்வது நான்கிற்குத்தான். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்து திரிந்தால் பாலையாகும் என்று சிலப்பதிகாரம் விளக்கம் தருகிறது. அந்த நிலமற்ற திணைக்கு உரிய பொருள் எது? பிரிவு. கல்விக்காக, போருக்காக, தூதுக்காக, பொருள் தேடிப் பிரிவது. நீங்கள் வேண்டாம் என்று சொல்கிற அந்தச் சொல்தான் பாதி நூலை எழுதியிருக்கிறது.

கவனித்தீர்களா, தமிழில் வகைபிரிப்பதற்கும் ஆளைவிட்டு ஆள் விலகுவதற்கும் ஒரே சொல். பல மொழிகளுக்கு இது வாய்க்கவில்லை. பாலைப் பாட்டைப் பாலை என்று பிரித்து வைத்திருப்பதால்தான், வெயில், பருந்து, வற்றிய சுனை என்று வந்தவுடனே அடுத்த வரியில் யாரோ வீட்டில் காத்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. கவிஞர் அதைச் சொல்லவே வேண்டியதில்லை. குறிஞ்சிப் பாட்டுக்குள் பாலைப் பொருள் எட்டிப் பார்த்தால் அதற்குத் திணைமயக்கம் என்று பெயர் வைத்து அனுமதியும் கொடுத்திருக்கிறார்கள். கோடு இருந்தால்தானே தாண்டியதைக் கண்டுபிடிக்க முடியும்?

இன்னொன்று. நூலகத் துறையின் தந்தை என்று நாங்கள் கொண்டாடும் எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து நூலகரானவர். 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை, பிற்பாடு வளர்ந்த வடிவத்தில் எந்த நூலையும் ஐந்து முகங்களாகப் பார்க்கும்: ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம். இதற்கும் ஐந்திணைக்கும் தொடர்பு இருப்பதாக நான் சொல்லமாட்டேன். ஆனால் திணையில் முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும். ரங்கநாதனின் கடைசி இரண்டும் இடமும் காலமும். இதை நினைத்து அட்டைப் பெட்டிக்கு முன்னால் நின்று சிரித்திருக்கிறேன்.

கேள்வி: நான் மெய்ப்புத் திருத்துபவன். சொற்களைச் சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்று தினமும் சண்டை. ஒரு வழி சொல்லுங்கள்.

செம்பொன்பதின்றொடி. இலக்கண உரைகளில் வரும் பழைய எடுத்துக்காட்டு. ஒருவர் "செம்பொன் பதின் தொடி" என்று பிரிக்கிறார். பத்துத் தொடி எடையுள்ள பொன். இன்னொருவர் "செம்பு ஒன்பதின் தொடி" என்கிறார். ஒன்பது தொடி எடையுள்ள செம்பு. எழுத்து ஒன்று, ஒலிக்கும்போது நிறுத்தும் இடம் வேறு, அவ்வளவுதான். எழுதித் தரவேண்டியவர் பொன் தருகிறாரா செம்பு தருகிறாரா என்பது உங்கள் கையில் இருக்கும் பேனாவைப் பொறுத்தது. ஐயம் வரும் இடத்தில் பிரியுங்கள், மற்ற இடத்தில் ஆசிரியரோடு சண்டை போடாதீர்கள்.

கேள்வி: வேலைப் பிரிவினை இல்லாமல் சமூகம் இயங்காது. சாதியும் தொடக்கத்தில் அப்படி ஒரு நல்ல ஏற்பாடாகத்தான் இருந்தது என்கிறேன் நான். என் பேத்தி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். யார் பக்கம் நீங்கள்?

பேத்தி பக்கம்.

வேலைப் பிரிவினையின் பலனை நான் மறுக்கவில்லை. பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட நூலில் குண்டூசிப் பட்டறையைக் காட்டினார். ஒருவர் கம்பி இழுக்க, ஒருவர் வெட்ட, ஒருவர் முனை தீட்ட, பத்துப் பேர் ஒரே நாளில் 48,000 குண்டூசி செய்தார்கள். தனித்தனியே செய்திருந்தால் ஆளுக்கு 20 தேறியிருக்காது. இந்தப் பக்கத்தை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே நூலின் பிற்பகுதியில், வாழ்நாள் முழுதும் ஒன்றிரண்டு எளிய செயல்களையே செய்கிறவனின் அறிவு மழுங்கிப்போகும் என்று அவரே எழுதியிருப்பதை யாரும் காட்டுவதில்லை.

அந்தப் பட்டறையில்கூடக் கம்பி இழுப்பவர் நாளை முனை தீட்டப் போகலாம். அவர் மகன் ஊசியே வேண்டாம் என்று கடலுக்குப் போகலாம். அம்பேத்கர் 1936இல் சாதி ஒழிப்பைப் பற்றி எழுதியபோது இந்த வேறுபாட்டைத்தான் பிடித்தார்: சாதி வெறும் வேலைப் பிரிவினை அன்று, வேலை செய்கிறவர்களையே பிரித்து வைப்பது; பிரித்ததோடு ஒருவர்மேல் ஒருவராக அடுக்கி வைப்பது. ஐயா, தொடக்கத்தில் நல்ல ஏற்பாடாக இருந்தது என்கிறீர்கள். மேலே இருப்பவருக்கு எந்த அடுக்கும் நல்ல ஏற்பாடுதான்.

பகுப்பவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை என் தொழிலிலேயே பார்த்திருக்கிறேன். அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி 1876இல் கொண்டுவந்த தசமப் பகுப்பில் மதத்துக்கு உரிய பகுப்பெண் 200. அதில் 220 முதல் 280 வரை நெடுங்காலம் கிறித்தவத்துக்கு. உலகத்தின் மற்ற மதங்கள் அத்தனைக்கும் சேர்த்து 290. ஆங்கில இலக்கியம் 820. தமிழ் இலக்கியம் 894.811. இரண்டாயிரம் ஆண்டு இலக்கியத்துக்குப் புள்ளி வைத்து ஆறு இலக்கம். சிறிய நூலின் முதுகில் அந்த எண்ணை எழுத இடம் போதாது. 31 ஆண்டுகள் எழுதினேன், ஒவ்வொரு முறையும் முணுமுணுத்துக்கொண்டே.

நூல் பொறுத்துக்கொள்ளும். மனிதருக்கு அட்டை எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு ருவாண்டா இருக்கிறது. ஹூட்டு, டூட்சி, ட்வா என்ற மூன்று இனத்தாரும் பேசுவது ஒரே மொழி. வாழ்ந்தது ஒரே குன்றுகளில். 1930களில் பெல்ஜிய ஆட்சி ஆளுக்கோர் அடையாள அட்டை கொடுத்து அதில் இனத்தை எழுதியது. ஒன்றைத்தான் எழுத முடியும். "மேலும் காண்க" கிடையாது. 1994இல் சாலைத் தடுப்புகளில் நின்றவர்கள் அந்த அட்டையைத்தான் கேட்டார்கள். சுமார் 100 நாள்களில் லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். அட்டை எழுதியே சம்பளம் வாங்கியவள் நான். அதைப் படித்த இரவு தூங்கவில்லை.

பேத்தியிடம் நீங்களே முதலில் பேசுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற படைவீரன் நான். "படையைப் பிரிக்காதே" என்றும் சொல்கிறார்கள், பட்டாளத்தில் எல்லாமே பிரிவு பிரிவாகவும் இருக்கிறது. வரலாற்றில் எது வென்றது?

இரண்டும் வென்றிருக்கின்றன, இரண்டும் தோற்றிருக்கின்றன, ஒரே மனிதரின் கையில். நெப்போலியன் 1805இல் சுமார் இரண்டு லட்சம் பேரை ஏழு பெரும்பிரிவுகளாக ஆக்கினார். ஒவ்வொரு பிரிவிலும் காலாள், குதிரை, பீரங்கி எல்லாம் உண்டு. அதாவது ஒவ்வொன்றும் குட்டிப் படை. தனித்தனிச் சாலையில் நடந்தால் சாலை அடைபடாது, வழியில் சோறு தேடுவதும் எளிது. சண்டை வந்தால் பக்கத்துப் பிரிவு வந்து சேரும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். ஆஸ்திரியத் தளபதி மாக், உல்ம் நகரில் இருந்தபடி முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரிந்து வந்தவர்கள் அவருக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். அக்டோபரில் பெருஞ்சண்டை இல்லாமலே மாக் சரணடைந்தார்.

பத்து ஆண்டு கழித்து, 1815 ஜூன் 16. நெப்போலியன் லீன்யியில் பிரஷ்யர்களோடு போரிடுகிறார். சில கிலோமீட்டர் தள்ளிக் காத்ர் பிராவில் தளபதி நே ஆங்கிலேயர் படையோடு போரிடுகிறார். இடையில் தெர்லோன் என்பவரின் கீழ் சுமார் 20,000 பேர். நேயிடம் போய்க்கொண்டிருந்தவர்களை லீன்யிக்குத் திரும்பச் சொல்லி ஓர் ஆணை வருகிறது. திரும்புகிறார்கள். போர்க்களம் கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் நே கோபத்தோடு திரும்ப அழைக்கிறார். மறுபடியும் நடை. வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்து அங்கேயும் சண்டை ஓய்ந்துவிட்டது. இரண்டு போர்களின் பீரங்கி ஓசையையும் கேட்டபடி, இரண்டிலும் சேராமல், அந்த 20,000 பேர் நாள் முழுக்க நடந்திருக்கிறார்கள். நெப்போலியன் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூவைவிட இந்த நடைதான் என் மனத்தில் நிற்கிறது. இரண்டு நாள் கழித்து வாட்டர்லூவில் அவருடைய தளபதி குருஷியும் குருஷியோடு போன சுமார் 33,000 பேரும் வரவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

1805இல் ஒரு பிரிவிலிருந்து மற்றதற்குச் செய்தி போயிற்று. 1815இல் போய்ச் சேர்ந்தது முரண்பட்ட செய்தி. பிரித்த பிரிப்பு ஏறத்தாழ ஒன்றுதான்.

நம் பழைய இலக்கணம் போரையும் பூப்பூவாகப் பிரித்தது. ஆநிரை கவர்ந்தால் வெட்சி, மண்ணுக்காகப் படையெடுத்தால் வஞ்சி, மதிலை வளைத்தால் உழிஞை, எதிரெதிர் மோதினால் தும்பை, வென்றால் வாகை. ஒவ்வொன்றையும் ஓர் அகத்திணையோடு முதுகு ஒட்டவும் வைத்தது. வெட்சிக்கு மறுபக்கம் குறிஞ்சி, வஞ்சிக்கு முல்லை. வெற்றியாகிய வாகைக்கு மறுபக்கம் எது தெரியுமா? பாலை. பட்டாளத்திலிருந்து நீங்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் ஏதாவது மிச்சம் இருந்தால் எடுத்துப் பாருங்கள், தொல்காப்பியர் சொன்னதற்கு என்னைவிட நீங்கள் நல்ல உரை எழுதுவீர்கள்.

கேள்வி: ஒரு நூலகராக, உங்களால் மன்னிக்கவே முடியாத பிரிப்பு எது?

பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழக நூலகம். 1914 ஆகஸ்டில் ஜெர்மன் படை அதற்குத் தீ வைத்தது. கையெழுத்துச் சுவடிகளோடு லட்சக்கணக்கான நூல்கள் சாம்பல். பல நாட்டார் நன்கொடையில் மறுபடி கட்டினார்கள். 1940 மே மாதம் மறுபடி எரிந்தது. இந்த முறை சுமார் 9 லட்சம் நூல்கள். மறுபடியும் சேர்த்தார்கள். பிறகு 1960களின் இறுதியில் டச்சு மொழியா பிரெஞ்சு மொழியா என்ற பூசலில் பல்கலைக்கழகமே இரண்டாயிற்று. பிரெஞ்சுப் பகுதி லூவேன்-லா-நூவ் என்ற புது நகரத்தைக் கட்டிக்கொண்டு போனது. நூல்களை என்ன செய்வது? துறைவாரியாக, மொழிவாரியாக என்று பேசியிருக்கலாம். அவர்கள் கண்ட வழி: அடுக்கெண் ஒற்றைப்படை என்றால் ஒரு பக்கம், இரட்டைப்படை என்றால் மறுபக்கம்.

உருத்திரசன்மரும் ஒற்றை, இரட்டை பார்த்தவர்தான். அவர் பார்த்தது எண்ணைக் கேட்டவுடன் பாட்டு கைக்கு வரட்டும் என்று. இவர்கள் பார்த்தது இருவருக்கும் சமமாகக் கிடைக்கட்டும் என்று. யாருக்கும் ஒரு நூல்கூடக் குறையாத, அவ்வளவு நியாயமான பங்கீடு. அடுத்தடுத்து நின்ற நூல்கள் ஒவ்வொன்றாக விலகிப் போயிருக்கும். தீயை மன்னித்தாலும் மன்னிப்பேன். அடுக்குகளுக்கு நடுவே பட்டியலோடு நடந்து "இது உனக்கு, இது எனக்கு" என்று எண்ணியவர்களில் எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களும் இருந்திருப்பார்களே, அதுதான்.

கேள்வி: உங்கள் வீட்டில் நூல்களை எந்த முறைப்படி பிரித்து வைத்திருக்கிறீர்கள்?

உயரப்படி. தச்சர் தட்டுகளை வெவ்வேறு உயரத்தில் அடித்துவிட்டார், நானும் திருத்தச் சொல்லவில்லை. இதனால் அகநானூறே என் வீட்டில் மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. வெவ்வேறு காலத்தில் வாங்கிய வெவ்வேறு பதிப்புகள். முதல் பகுதியான களிற்றியானை நிரை அடித்தட்டில், அகராதிகளுக்குப் பக்கத்தில். கடைசிப் பகுதியான நித்திலக்கோவை கட்டில் அருகே. நடுவில் வரும் மணிமிடை பவளத்தை இந்தப் பத்திரிகையின் வாசகர் ஒருவர் "ஒரு வாரத்தில் தருகிறேன்" என்று வாங்கிப் போனார். அது ஆயிற்று நான்கு ஆண்டு. அவர் இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர் என்பது எனக்குத் தெரியும். ஐயா, 121 முதல் 300 வரை உங்களிடம் இருக்கிறது. அதில் 90 பாட்டு பாலை.